சார்களுக்காக நடந்தவள்

ஜூன் 3, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. நடக்கிற வேலை.

அம்மா நம்பவில்லை. "எங்க போயி நடக்கணும்?" என்றாள். எங்கேயும் போக வேண்டாம், சும்மா நடந்தால் போதும் என்றேன். "சும்மா நடக்குறதுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?"

மாநகராட்சி கொடுக்கும். நேராக இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனி வழியாக. 'நடப்போம் மிதிப்போம்' என்று ஒரு திட்டம். எந்த ஊர் அதிகம் நடக்கிறது, எந்த ஊர் அதிகம் சைக்கிள் மிதிக்கிறது என்று ஊர்களுக்குள் போட்டி. போனில் ஆப்பை ஏற்றிக்கொண்டு நடந்தால் அதுவே எண்ணிக்கொள்ளும். ஆபீசர்கள் எல்லாரும் கட்டாயம் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆபீசர்களுக்கு நேரமில்லை. ஆளுக்கொரு பழைய போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்த போன்களை ஒரு இடுப்புப் பையில் போட்டு நான் சுமந்து நடக்க வேண்டும். ஜாபர் என்று ஒருத்தன், என் வயதுதான், அவன் சைக்கிளில் சுமப்பான்.

கான்ட்ராக்ட் கம்பெனி ஆள் பெயர் எட்வின். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அட்டை. "வெளிய சொல்லாத பாப்பா" என்றார். "ஆனா இதுல பொய் ஒண்ணும் இல்ல. நடை உண்மைதான. ஆளுதான் வேற."

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷம் பாதியில் விட்டவள் நான். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு எட்வின் சார் அதைக் கேட்கவில்லை. செருப்பு நல்லதாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 5, வியாழன்

விடியும் முன்பே அக்காவும் நானும் ஒன்றாகக் கிளம்புகிறோம். ரயில்வே கேட் வரைக்கும் ஒரே வழி. அங்கே நான் இடது பக்கம் கண்மாய்ப் பூங்காவுக்கு. அவள் வலது பக்கம் ரிங் ரோட்டுக்கு.

கண்மாயைச் சுற்றி புதுசாக டைல்ஸ் போட்ட பாதை. லைட்டு, பெஞ்சு, யானை மாதிரி வெட்டின செடி. நாய்கூட டைல்ஸில்தான் நடக்கிறது.

ரிங் ரோட்டில் ஒன்றும் கிடையாது. தார் முடிகிற இடத்தில் ஒரு முழம் மண், அதற்கப்புறம் கருவேலம் முள். எங்கள் காலனிப் பொம்பளைகள் பாதிப்பேர் அந்த மண்ணில் நடந்துதான் சாக்கு கம்பெனிக்குப் போகிறார்கள். லாரி வந்தால் முள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். போன தீபாவளிக்கு முன்னால் மேலத்தெரு சுப்பக்காவை அடித்துப் போட்டுவிட்டு ஒரு வண்டி நிற்காமல் போனது. அதிலிருந்து அக்கா கிளம்பும்போது அம்மா வாசலில் நிற்பாள். சும்மா நிற்பாள்.

அக்கா பெயர் தங்கமாரி. ஐந்து வருஷமாகச் சாக்கு தைக்கிறாள். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது அவள்தான். நான் விட்டுவிட்டு வந்தபோது திட்டாத ஒரே ஆளும் அவள்தான். திட்டியிருக்கலாம்.

"நானும் ஒருநாள் டைல்ஸ்ல நடக்கணும்டி" என்றாள் கேட்டில்.

"ஞாயித்துக்கெழம வா."

"ஞாயித்துக்கெழம நடக்குறதுக்கு எனக்கென்ன கிறுக்கா. படுத்துத் தூங்குவேன்."

ஜூன் 8, ஞாயிறு

இன்று 'கார் இல்லா ஞாயிறு'. மேலக் கோட்டை வீதியில் கார் வரக்கூடாது. அதனால் ஆபீசர்கள் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து பக்கத்து வீதியில் நிறுத்திவிட்டு, சைக்கிளை இறக்கி, தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். மேடையில் பாட்டு. ஒரு சார் சைக்கிளில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார். செயின் கழன்றிருந்தது அவருக்குத் தெரியாது.

"பெடலு சுத்துதே, வண்டி ஏன் போகலன்னு யோசிக்கிறாரு பாரு" என்றான் ஜாபர். "நம்ம ஊரு மொத்தமும் இப்டித்தான் ஓடுது."

சைக்கிள் பாதை என்று பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதில் முழுக்க மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஜாபர் மெயின் ரோட்டில்தான் மிதிக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

மழை. போன்களுக்குப் பாலித்தீன் கவர் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எட்வின் சார் ஆபீஸில் சார்ஜ் போடக் காத்திருந்தபோது லேப்டாப்பில் ஊர்ப் படம் ஒன்று திறந்திருந்தது. கண்மாயைச் சுற்றி ரத்தம் மாதிரி சிவப்பு. அங்கங்கே ரோஸ். மற்றதெல்லாம் வெள்ளை.

"என்ன சார் இது?"

"ஆள் நடமாட்டம். செவப்பா இருக்க எடத்துல ஜனம் நெறைய நடக்குதுன்னு அர்த்தம். அதப் பாத்துதான் அடுத்த வருசம் எங்க நடைபாதை, எங்க லைட்டுன்னு முடிவு பண்ணுவாங்க."

"கம்மாய்ல நடக்குறது நான் சார்."

சிரித்தார். "தெரியும் பாப்பா. இந்த ஊர்ல ஆப் வச்சிருக்கவங்களே கொஞ்சப் பேரு. ஒங்க ரெண்டு பேரு பையிதான் ஊரு."

ரிங் ரோட்டைத் தேடினேன். வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை.

"இதுல தெனம் எரநூறு பொம்பளைங்க நடக்குறாங்க சார்."

"அப்ப அவங்க போன் கொண்டு போகணும்ல."

கொண்டு போக முடியாது. சாக்கு கம்பெனியில் போனுக்கு அனுமதி கிடையாது. பையில் இருப்பது தெரிந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஜூன் 18, புதன்

அக்காவிடம் சொன்னேன். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாங்கல்லாம் யாரு? பேயா?"

"படத்துல வெள்ளையா இருக்கீங்க. அப்டித்தான்."

"சரி. ஒங்க சாருங்கள ஒருநா எங்க ரோட்டுல நடக்கச் சொல்லு. செவப்பாயிரும்ல."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் கையை நிறுத்திவிட்டேன். அவளைப் பார்த்தேன். அவளும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏய், வேணாம்டி. இந்த வேலையாச்சும் நெலைக்கட்டும்."

ஜூன் 19, வியாழன்

கேட்டில் வலது பக்கம் திரும்பினேன்.

பொம்பளைகள் கூட்டமாக நடக்கிறார்கள். டப்பாவில் சோறு, தலையில் முக்காடு. லாரி போனால் காற்று ஆளை இழுக்கிறது. நான் முள்ளில் ஒதுங்கத் தெரியாமல் பாவாடையைக் கிழித்துக்கொண்டேன். செல்லக்கனி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. அவள்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய ஆள், இருபது வருஷமாகக் கம்பெனியில் இருக்கிறாள்.

"என்னடி இடுப்புல கட்டியிருக்க, வெடிகுண்டா?"

"சாருங்க அக்கா. இது கமிஷனர் ஆபீஸ் சாரு. இது சுகாதாரத்துறை சாரு."

"சுகாதாரத்த இங்கிட்டு குடு, ஒரு நா நானும் இடுப்புல வச்சுக்கிறேன்."

கம்பெனி கேட்டில் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு மறுபடி போனேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜாபரையும் இழுத்துவிட்டேன். "ரிங் ரோட்டுல சைக்கிள்ல போகச் சொல்றியே, எங்கம்மாவுக்கு நான் ஒரே பையன்" என்றான். ஆனாலும் வருகிறான்.

ஜூலை 1, செவ்வாய்

எட்வின் சார் கூப்பிட்டார். "ஏன் பாப்பா எல்லா சாரும் திடீர்னு ரிங் ரோட்டுல நடக்குறாங்க?"

பூங்காவில் வெறிநாய் என்றேன். என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். எந்த ரோட்டில் நடந்தாலும் போட்டிக்கு ஒரே மார்க்தான் என்று சொல்லி விட்டுவிட்டார்.

ஜூலை 9, புதன்

லேப்டாப்பில் ரிங் ரோடு சிவந்துவிட்டது. என் போனில் அதைப் போட்டோ எடுத்து வந்து அக்காவிடம் காட்டினேன். படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"இந்தச் செவப்பே நீதான்."

"போடி" என்றாள். அப்புறம் அந்தப் போட்டோவை அம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினாள். ராத்திரி மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்ஜினியர் வந்தார். கூட இரண்டு பேர் டேப்பைப் பிடித்து ரிங் ரோட்டை அளந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அக்கா முன்னால் போய்ப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. பேசினாள்.

"சார், இங்கன ஒரு லைட்டு. அந்த வளைவுல ஒண்ணு. அங்கதான் சார் ஆளே தெரியாது. எங்க சுப்பக்கா அங்கதான் செத்துச்சு."

"பண்ணிரலாம்மா."

"பாத அகலமாக்கூட வேணாம் சார். ஒராள் நடந்தாப் போதும்."

"பாத்துக்கலாம்மா. சீக்கிரம் வேலை ஆரம்பிச்சிரும்."

அவர் போனபிறகு செல்லக்கனி அக்கா இவளைக் கட்டிப் பிடித்து, "கவுன்சிலருக்கு நில்லுடி, ஓட்டு நான் போடுறேன்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சின்ன வயதில் பிடித்தது மாதிரி. எனக்குக் கூச்சமாக இருந்தது. விடுவித்துக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

இரும்புத் தூண்கள் வந்து இறங்கியிருக்கின்றன. பாதைக்குக் கைப்பிடி என்று காலனி முழுக்கப் பேச்சு. கைப்பிடியெல்லாம் எதற்கு, அவ்வளவு பெரிய பாதையா என்று அம்மா கேட்டாள்.

முதல் தூணை நட்டதும் பொம்பளைகள் சும்மா இருக்கவில்லை. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். வேலைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தன் மட்டும் அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தான். சூடத் தட்டை அக்காதான் பிடித்திருந்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

பாதை இல்லை. வேலி.

தார் முடிகிற இடத்திலேயே நீளத்துக்கு இரும்புத் தடுப்பு. மண் அந்தப் பக்கம், முள்ளோடு. ரோட்டு நடுவில் கடக்கிற இடைவெளியையும் கான்கிரீட் கட்டை வைத்து மூடிவிட்டார்கள். சந்தனம் வைத்த தூணில் ஒரு போர்டு. 'பாதசாரிகள் நடக்கவும் கடக்கவும் தடை.' கீழே சின்னதாக, 'நடப்போம் மிதிப்போம்'.

எட்வின் சாரிடம் ஓடினேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரிங் ரோடு மாநகராட்சியோடது இல்ல பாப்பா. வேற டிபார்ட்மெண்ட். இவங்க அங்க நடைபாதை போட முடியாது. நடக்கக் கூடாத எடத்துல இவ்வளவு பேரு நடக்குறாங்கன்னு படம் காட்டுது. அப்ப என்ன பண்ணுவாங்க? நிறுத்தத்தான பாப்பாங்க."

"அப்ப எப்டி சார் கம்பெனிக்குப் போறது?"

"பாலத்துக்கு அடியில சுத்திப் போகலாம்னு எழுதியிருக்காங்க."

பாலத்துக்கு அடியில் சுற்றினால் அவ்வளவு தூரத்துக்கு நடு ராத்திரியில் எழுந்து சோறு வடிக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே சாக்கடை. அதைச் சொன்னேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து நீ கம்மாய்க்கே போயிரு" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

யாரும் பாலத்துப் பக்கம் போகவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம், தாரிலேயே நடக்கிறார்கள். முன்பு லாரி வந்தால் மண்ணில் இறங்கலாம். இப்போது இறங்க இடம் இல்லை. இரும்போடு முதுகை ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

"சந்தனம் எம்புட்டு தேச்சேன்" என்றாள் அக்கா. "வேஸ்டாப் போச்சு."

அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. வேலி என்னால் வந்தது என்று காலனியில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 6, புதன்

கண்மாய்ப் பூங்கா.

ஆகஸ்ட் 7, வியாழன்

கண்மாய்ப் பூங்கா. கேட்டில் அக்கா நின்று, "வரலயா?" என்றாள். சார் திட்டுவார் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போட்டியில் எங்கள் ஊருக்கு இரண்டாம் பரிசு. கொடியேற்றிவிட்டு மேடையில் கேடயம் காட்டினார்கள். ஆபீசர்கள் வரிசையாக நின்று போட்டோ. எங்களுக்கு லட்டு. ஜாபர் அவன் லட்டையும் என்னிடம் கொடுத்தான், அக்காவுக்கு என்று. அக்கா இரண்டையும் தின்றுவிட்டு, "சாருங்க நடந்தது இனிப்பாத்தான் இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத வேண்டும் என்று உட்கார்கிறேன், முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

விடியும் முன். மண் லாரி. வளைவில். எல்லாரும் தடுப்போடு ஒட்டினார்கள். அவளும் ஒட்டினாள் என்கிறார்கள். லாரியும் தடுப்போடு ஒட்டியது.

நான் கண்மாயில் நான்காவது சுற்றில் இருந்தேன். ஜாபர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனுக்கு யார் சொன்னது என்று இதுவரை கேட்கவில்லை. நான் போனபோது இடுப்பில் எல்லா போன்களும் இருந்தன. ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்தன. அன்று சார்கள் எல்லாரும் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் நடந்திருக்கிறார்கள். இங்கிட்டும் அங்கிட்டும், மத்தியானம் வரைக்கும்.

அந்தப் பதிவை எட்வின் சார் அழித்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 27, புதன்

ஸ்டேஷனுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். ஏட்டய்யா நல்ல மனுஷன்தான். அம்மாவை உட்கார வைத்தார். ஆனால் எழுதியிருப்பதை வாசித்தார். நடக்கத் தடை செய்யப்பட்ட சாலையில், எச்சரிக்கைப் போர்டையும் மீறி, கவனக்குறைவாக.

அம்மா எழுந்தே விட்டாள். "ஐயா, அவ கவனமில்லாதவ இல்லய்யா. எம் மக அப்டி இல்ல. அவ மேல தப்புன்னு எழுதாதீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"நான் என்னம்மா பண்றது? போர்டு இருக்குல்ல."

"அந்தப் போர்டு எப்பய்யா வந்துச்சு? அதுக்கு முன்னாடியும் அவ அதுலதான நடந்தா."

ஏட்டய்யா என்னைப் பார்த்தார், நான் எதையாவது எடுத்துச் சொல்லி அம்மாவைக் கூட்டிப் போவேன் என்று. போர்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்டேஷனில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை வாருங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

எட்வின் சார் வீட்டுக்கு வந்தார். மாலை வாங்கி வந்திருந்தார். அக்கா போட்டோவுக்குப் போட்டார். அம்மா டீ போட உள்ளே போனதும் மெதுவாகப் பேசினார்.

"ஸ்டேஷன்ல போன் வெவகாரத்தச் சொல்லப் போறியா?"

நான் மாலையை நேராக்கினேன்.

"எனக்காகச் சொல்லல பாப்பா. என் வேலை போனாப் போகுது. நீ யோசிச்சுப் பாரு. படத்துல இருந்தது பொய்யின்னு நீயே சொன்னா, அங்க உண்மையில யாரும் நடக்கலன்னு எழுதிருவாங்க. அப்பறம் அந்த ரோட்டுக்கு ஒண்ணுமே வராது. சொல்லலன்னா, போர்டு நிக்கும். ரெண்டுல எதுன்னு நீ பாத்துக்க."

"எரநூறு பேரு நடக்குறாங்க சார். நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

"யாரு வருவா?" என்றார். கேலியாக இல்லை. அவருக்கும் தெரியவில்லை, அதனால் என்னைக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

போனோம். அம்மா பேசினாள். பேசினதையே பேசினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று எழுதப் போவதில்லை.

எழுதியிருந்ததில் ஒரு வார்த்தையை மட்டும் ஏட்டய்யா எடுத்துவிட்டார். 'கவனக்குறைவாக' இல்லை. மற்றதெல்லாம் அப்படியே. அம்மா கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

போன்களை எட்வின் சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷப் போட்டிக்கு இப்போதிருந்தே நடக்க வேண்டுமாம். ஜாபர் இன்னும் மிதிக்கிறான். அவனை ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சாக்கு கம்பெனியில் சேர்ந்தேன். அக்காவின் மிஷினைக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. நல்லது.

அம்மா வாசலில் நின்றாள்.

தடுப்பு வந்தபிறகு பொம்பளைகள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கூட்டமாக நடப்பதில்லை. ஒற்றை வரிசை. கடைசியில் வருகிறவள் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்து, வண்டி தெரிந்தால் குரல் கொடுக்க வேண்டும். உடனே எல்லாரும் இரும்போடு ஒட்டிக்கொள்வார்கள். யாராவது இன்னும் ஒட்டாமல் இருந்தால் கடைசி ஆள் மறுபடி கத்த வேண்டும்.

என்னை நடுவில் விட்டார்கள். போகும்போது செல்லக்கனி அக்காவிடம் கேட்டேன், அன்றைக்குக் கடைசியில் வந்தது யார் என்று. சோற்று டப்பாவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கக்காதான். ரெண்டு தடவ கத்துனா. மொதக் கத்துக்கே நாங்கல்லாம் ஒட்டிட்டோம். புதுசா வந்த பிள்ளை ஒண்ணு செருப்பு கழண்டு நின்னுச்சு. அதுக்காக ரெண்டாவது தடவ கத்துனா."

வளைவு வந்தது. லைட்டு இல்லை. யாரும் நிற்கவில்லை, நடந்துகொண்டே தலையை மட்டும் தாழ்த்தினார்கள்.

"நாளைக்கு நான் கடைசில வர்றேன் அக்கா."

"ஒங்கம்மாவுக்கு இருக்கது நீ ஒருத்தி. பேசாம நடுவுல வா."

"எல்லாருக்கும் அம்மா இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "வியாழக்கெழம" என்றாள். "மொறை வச்சுத்தான் வர்றோம். வியாழக்கெழம ஒனக்கு."

செப்டம்பர் 18, வியாழன்

என் முறை.

முன்னால் போகிறவர்களைப் பார்க்கவே கூடாது. காது அவர்கள் பக்கம், கண் ரோட்டுப் பக்கம். பின்னால் கால் வைத்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். இருட்டில் விளக்கு தெரிந்தால் அது பைக்கா லாரியா என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் கத்தினேன். பால் வண்டிக்குக் கத்தினேன். ஒரு சைக்கிளுக்குக்கூடக் கத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒட்டினார்கள். இரும்பில் டப்பாக்கள் மோதுகிற சத்தம் வரிசையாக முன்னால் வரைக்கும் போகும். அது முடிந்தபிறகுதான் நான் ஒட்டினேன்.

கம்பெனி வந்தது எனக்குத் தெரியவில்லை. ரோட்டையே பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தேன். யாரோ தோளைப் பிடித்தார்கள்.

"வந்துட்டோம்டி" என்றாள் செல்லக்கனி அக்கா. "திரும்பு."